இடது கால்

ஆட்டோமேட்டிக் எடு, சுலபம் என்றார்கள்.
ஆனால் விவாகரத்தில் என் பங்குக்கு வந்த ஃபியஸ்டாவில்
மூன்று பெடல்.
அவன் தம்பி கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு
சாவியைத் தபால் துவாரத்தில் போட்டுப் போனான்.
அக்டோபரிலிருந்து அதன்மேல் இலை விழுகிறது.

செவ்வாய், வியாழன், மாலை ஐந்தே காலுக்கு
ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வலீத் தன் காரோடு நிற்பான்.
ஷெஃபீல்டிலேயே பிறந்த ஏமன்காரன்,
இருபத்தாறு வயது, வாயில் எப்போதும் ஏலக்காய்.
என்னை 'லவ்' என்பான்,
இந்த ஊரில் பஸ் டிரைவரும் மீன்கடைக்காரியும்
எல்லோரையும் சொல்வதுபோல.
முதல் வாரம் காது கூசியது.

"எல்லாம் இடது காலில் இருக்கு, லவ்.
அதை நம்பு."

இதையா?
ஆரத்தித் தட்டை நீட்டி
வலது காலை எடுத்து வைத்து வா என்றபோது
தெருவே பார்த்தது வலது காலைத்தான்.
இடது கூட வந்தது.
இடது கையின் கதை இன்னும் மோசம்.
காசு நீட்டினால் அடி,
திருநீறு வாங்கினால் அடி,
பேரே பீச்சாங்கை.
இப்போது கிளட்ச்சும் கியரும்
அந்த இரண்டு பேர் பொறுப்பில்.
நாற்பத்தைந்து வருஷம் சும்மா உட்கார வைத்துவிட்டுத்
திடீரென்று வண்டியை ஒப்படைத்தால்
யார்தான் சொதப்ப மாட்டார்கள்?

சொதப்பினார்கள்.
ரவுண்டானாவில், சிக்னலில், பள்ளிக்கூட வாசலில்
விக்கல் எடுத்து, ஒரு குதி குதித்து
வண்டி செத்தது.

வலீத்தின் காலடியிலும் இரண்டு பெடல் உண்டு.
அவன் மிதித்தால் ஒரு மணி கத்தும்,
காதோரக் கொசுவைப் போல.
கத்தினால்
அந்த நொடி ஓட்டியது நான் இல்லை.
அப்படி ஒரு மணியை
வீட்டிலும் மாட்டியிருக்கலாம்.

ஆறாவது வாரம் ஜென்கின் ரோடு.
ரோடா அது, ஏணிக்குத் தார் பூசியிருக்கிறார்கள்.
பாதி ஏறியதும் எதிரே ஒரு வேன்,
இரண்டு பேருக்கு இடமில்லை, நின்றேன்.
கண்ணாடியில் குப்பை லாரி,
அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ.
வானம் மட்டும்தான் முன்னால்.

கிளட்ச் கடிக்கிற இடம் என்று ஒன்று உண்டாம்.
ஈரோட்டில் ஹாஃப் கிளட்ச் என்பார்கள்,
நான் பின்சீட்டில் இருந்து கேட்டிருக்கிறேன்.
மெல்ல விட்டேன். இன்னும் மெல்ல.
எஞ்சின் குரல் இறங்கியது,
உள்ளங்காலுக்கு அடியில்
ஒரு பூனை முதுகைத் தூக்கியது.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன்.
பீச்சாங்கைதான்.
ஒரு விரற்கடை பின்னால் நழுவி
பிறகு
ஏறியது.

மணி கத்தவில்லை.
திரும்பிப் பார்க்க முடியாது, காதால் தேடினேன்.
கத்தவில்லை.

உச்சியில் நிறுத்தி, "மணி ரிப்பேரா?" என்றேன்.
வலீத் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு
சீட்டின்மேல் சம்மணம் போட்டிருந்தான்.
ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.
"தெரியலையே, லவ். நான் தொடவே இல்லை."

நான் அந்த வீட்டுக்குள் போனது
ஆல்பத்தில் மூன்றாம் பக்கம், வலது கால்.
வெளியே வந்தபோது எந்தக் கால் முதலில்?
யாரும் படம் எடுக்கவில்லை.
மழை, சூட்கேஸ், கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.
யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

திரும்பும் வழியில்
சிப்ஸ் கடைக்கு எதிரே, தட்டையான ரோட்டில்
ஒருவருமே பின்னால் இல்லாதபோது
வண்டி மறுபடி செத்தது.
வலீத் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான்.

ராத்திரி கெண்டைக்கால் விண்விண்ணென்றது.
இடது.
தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன்,
அதே பக்கத்துக் கையால்.